மலேசியா, கனடா கஸ்டமர்கிட்ட விளக்குக்கு பணம் எப்படி வாங்கறது? மாமியார் அக்கவுண்ட்ல வாங்கி பேங்க்ல கேள்வி கேக்கறாங்க

அன்னவிளக்கு:

எல்லாருக்கும் வணக்கம். நான் நாச்சியார்கோவில். மாமனாரும் வீட்டுக்காரரும் குத்துவிளக்கு பட்டறை வச்சிருக்காங்க, வார்ப்பு, கடைசல், பாலிஷ் எல்லாம் வீட்டை ஒட்டின கொட்டாயிலயே நடக்குது. 2020 லாக்டவுன்ல கடை பூட்டிக் கிடந்தப்ப நான்தான் இன்ஸ்டாகிராம்ல படம் போட ஆரம்பிச்சேன், அன்னம் வச்ச விளக்கு, கிளை விளக்கு, சின்ன காமாட்சி விளக்குன்னு. மொதல்ல சென்னை, கோயம்புத்தூர்னு போச்சு, இப்ப ரெண்டு வருசமா வெளிநாட்டு ஆளுங்க நிறைய கேக்கறாங்க, அதுலயும் நவராத்திரி, கார்த்திகை வந்துட்டா போன் ஓயாது.

பிரச்சன என்னன்னா மலேசியாவுல கிள்ளான்ல ஒரு அக்கா மூணு தடவ வாங்கினாங்க, கடைசியா வாங்கினது மூணு அடி விளக்கு ஒரு ஜோடி, 24,000 ரூபா. எங்களுக்கு வெளிநாட்டு பணம் வாங்க வழி எதுவும் தெரியாததால மாமியாரோட சேவிங்ஸ் அக்கவுண்ட் நம்பர கொடுத்தேன், அவுங்க அங்க பணம் அனுப்பற கடையில போய் "குடும்பச் செலவு"ன்னு போட்டு அனுப்பிட்டாங்க, அப்படி போட்டாத்தான் சீக்கிரம் வரும்னு அந்தக் கடைக்காரரே சொன்னாராம். ரெண்டு தடவ வந்துருச்சு. மூணாவது தடவ பணம் வந்தப்புறம் பிராஞ்ச்லேர்ந்து மாமியார வரச் சொல்லி, அனுப்பினது யாரு, என்ன உறவு, எதுக்கு அனுப்பறாங்கன்னு கேட்டிருக்காங்க. அவுங்களுக்கு 68 வயசு, என்ன சொல்றதுன்னு தெரியாம தெரிஞ்சவங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்து வீட்ல உக்காந்து அழுதுட்டாங்க. வாழ்க்கையில ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாத பொம்பள, என்னால அவுங்களுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு ரெண்டு நாளா எனக்கு சோறு எறங்கல.

இப்ப டொரண்டோவுல ஒரு பஜனை மண்டலிக்காரங்க 12 விளக்கு கேக்கறாங்க, 1,80,000 ரூபா கிட்ட வருது. எங்களுக்கு இது பெரிய ஆர்டர். அவுங்கள்ல ஒருத்தர் "உண்டியல்ல போட்டு விடறேன், சாயங்காலமே கும்பகோணத்துல ஆள் வந்து கைல கொடுத்துருவான்"னு சொல்றார். எனக்கு பயமா இருக்கு, வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன். நேர்மையா வாங்க என்ன வழி? பேபால், பேங்க்ல நேரா அனுப்பறது, வேற ஏதாவது? என்னென்ன பேப்பர் வேணும்? பட்டறைக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, மாமனார் பேர்ல, காம்போசிஷன், சின்ன வியாபாரிங்களுக்கான வரித் திட்டம். பார்சல் இதுவரைக்கும் கூரியர்க்காரர் சொன்னபடி கிஃப்ட்டுன்னுதான் போட்டோம்.

தேர்_நிலை:

என் மாமா பையன் சிங்கப்பூர்ல இருக்கான், நான் அவன் பேர்லயே வாங்கிக்கறேன், கஸ்டமர் அவனுக்கு பேநௌல (நம்ம யூபிஐ மாதிரி அங்க இருக்கறது) போடுவாங்க அவன் எனக்கு வீட்டுக்குன்னு அனுப்புவான். நாலு வருசமா ஒண்ணும் ஆகல. ரொம்ப யோசிக்காதீங்க.

திருபுவனம்_தறி:

தேர்_நிலை அண்ணன் சொல்றத தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஒண்ணும் ஆகலங்கறதுக்கு அர்த்தம் இன்னும் யாரும் கேக்கலங்கறதுதான், கேட்டாங்கன்னா உங்க மாமியார் நின்ன எடத்துல அந்தப் பையனும் நிக்கணும். மொதல்ல உண்டியல் வேணாம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. உண்டியல்னு நம்ம ஊர்ல சாதாரணமா சொல்லிக்கறது ஹவாலாதான், ஃபெமாங்கற அன்னியச் செலாவணிச் சட்டத்த மீறறது, வாங்கினவங்களுக்கும் சேர்த்துதான் வரும்.

நான் திருபுவனத்துல பட்டுப்புடவை, எங்க அப்பா தறி. ஏழு வருசமா வெளிநாட்டுக்கு விக்கறேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். உங்க மாமியார ஏன் கேட்டாங்கன்னா வெளிநாட்டுலேர்ந்து வர்ற ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு பர்பஸ் கோடு இருக்கு. குடும்பச் செலவுக்கு பி1301, சரக்குக்கு முன்பணமா வந்தா பி0103. அனுப்பற கடையில குடும்பம்னு போட்டா அது குடும்பப் பணமாத்தான் பதிவாகும், ஆனா அனுப்பினவங்க பேரு, எடம் உங்க சொந்தத்தோட ஒட்டல, அதான் கேள்வி. அதுவும் வெஸ்டர்ன் யூனியன் மாதிரி கவுன்டர்ல கட்டி அனுப்பற வழி எல்லாம் ரிசர்வ் வங்கி விதிப்படி சொந்தச் செலவுக்கு மட்டும்தான், ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருத்தருக்கு வருசத்துல 30 தடவன்னு கணக்கு இருக்கு, வியாபாரப் பணத்துக்கு அந்த வழியே கிடையாது. அந்தக் கடைக்காரர் கிள்ளான் அக்காவுக்கு சொன்னது தப்பு, உங்க மேலயோ உங்க மாமியார் மேலயோ தப்பு இல்ல, தெரியாம நடந்தது.

இப்ப வழிக்கு வருவோம். நான் ஆர்டர் சைஸ வச்சுதான் பிரிக்கறேன். சின்ன ஆர்டர், 30,000க்கு கீழன்னு வச்சுக்குங்க, அதுக்கு பேபால். இந்தியாவுக்குள்ள பேபால் 2021 ஏப்ரல் 1லேர்ந்து கிடையாது, வெளிநாட்டுப் பணம் வாங்க மட்டும்தான், அதுக்குன்னே பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட் கொடுத்து பிசினஸ் அக்கவுண்ட் ஓபன் பண்ணலாம், பர்பஸ் கோடு அதுலயே கேக்கும். பணம் அங்கேயே கெடக்காது, தானா பேங்குக்கு வந்துரும். ஆனா பிடிப்பு அதிகம். 4.4 சதவீதம் ஃபீஸ், அது மேல டாலர ரூபாயாக்கறப்ப ரேட்டுல ஒரு கடி, எனக்கு எல்லாம் சேர்த்து நூத்துக்கு எட்டு ரூபா கிட்ட போகுது. உங்க 24,000 ஜோடிக்கு 1,900 போச்சுன்னு வைங்க. அத மொதல்லயே வெலையில ஏத்திடுங்க, அப்புறம் கஸ்டமர்கிட்ட "பேபால் சார்ஜ் தனி"ன்னு கேட்டா மொகம் சுளிப்பாங்க, நான் ஆரம்பத்துல அப்படி கேட்டு ரெண்டு பேர எழந்தேன்.

பெரிய ஆர்டர், உங்க டொரண்டோ மாதிரி, அதுக்கு பேங்க் வழியா நேரா ஸ்விஃப்ட்ல வாங்கறதுதான் சரி. இங்க சதவீதம் இல்ல, ஆனா நடுவுல ஒரு பேங்க் கைமாத்தி விடறப்ப பத்து இருபது டாலர் எடுத்துக்கும், உங்க பேங்க் ஒரு சார்ஜ் போடும், டாலர மாத்தறதுக்கு ஒரு ஜிஎஸ்டி உண்டு, 1,80,000க்கு அது 252 ரூபாதான் வரும். அனுப்பறவங்ககிட்ட "OUR"னு இங்கிலீஷ்ல இருக்கற ஆப்ஷன் போட்டு அனுப்பச் சொல்லுங்க, அப்ப சார்ஜ் அவுங்களோடது, பெரும்பாலும் முழுசா வந்து சேரும். இதுவே 24,000 ரூபாய்க்கு ஸ்விஃப்ட் போட்டா சார்ஜுலயே கரைஞ்சிடும், அதனாலதான் சைஸ் பாக்கணும்னு சொன்னேன்.

நடுவுல இன்னொரு வழி இருக்கு, அந்த அந்த நாட்டுல உங்க பேர்ல ஒரு வசூல் கணக்கு நம்பர் கொடுக்கற கம்பெனிங்க, இல்லன்னா வெளிநாட்டு கார்டு எடுத்துக்கற பேமென்ட் லிங்க். இந்த மாதிரி வெளிநாட்டுப் பணம் வசூல் பண்ணித் தர்ற கம்பெனிங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31ல பிஏ-சிபின்னு ஒரு வரைமுறை போட்டுச்சு. அனுமதி வாங்கினவங்க பேரு ரிசர்வ் வங்கி சைட்லயே இருக்கு, அத பாக்காம யாரும் வாட்சப்ல அனுப்பற லிங்க நம்பி சேராதீங்க.

ஒண்ணே ஒண்ணு மனசுல வைங்க. பேபாலோ கார்டோ, காசு வந்துருச்சுன்னு நெனச்சாலும் கஸ்டமர் 180 நாள் வரைக்கும் பொருள் வரலன்னோ படத்துல இருந்த மாதிரி இல்லன்னோ பேபால்ல புகார் போடலாம். எனக்கு 2022ல ஒரு புடவை அப்படி போச்சு. கஸ்டமர் மெசேஜ்ல அக்கா வீட்டு அட்ரஸ் கொடுத்து அங்க அனுப்பச் சொன்னாங்க, நானும் அனுப்பிட்டேன், பேபால்ல இருந்த அட்ரஸ் வேற. பொருள் போய் சேர்ந்ததுக்கு என்கிட்ட கையெழுத்தே இருந்துச்சு, ஆனா அட்ரஸ் ஒத்துப் போகலன்னு பணத்த எடுத்துட்டாங்க. எங்கப்பா பதினெட்டு நாள் நெய்த பொடவ அது. அதனால பேமென்ட்ல என்ன அட்ரஸோ அங்க மட்டும்தான் அனுப்பணும், மாத்தணும்னா பணத்த திருப்பிட்டு புதுசா கட்டச் சொல்லணும். விளக்குக்கு பேக்கிங் பண்றப்ப அன்னம், தண்டு, தட்டு, பாதம்னு ஒவ்வொரு பாகத்தையும் தராசுல வச்சு வீடியோ எடுத்து வைங்க, மரை சுத்தி மாட்டி நிறுத்தினதையும் எடுங்க.

அமெரிக்கா ஆர்டர் வந்தா இன்னும் ஒண்ணு, முன்ன 800 டாலர் வரைக்கும் அங்க வரி இல்லாம எறங்கும், 2025 ஆகஸ்ட் 29லேர்ந்து அது கிடையாது. சுங்க வரி யாரு கட்டறதுன்னு ஆர்டர் எடுக்கறப்பவே பேசிடுங்க, இல்லன்னா பார்சல வாங்க மாட்டேம்பாங்க, பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க.

மன்னார்குடி_டு_ஜூரோங்:

தங்கச்சி, நான் வாங்கற பக்கத்துலேர்ந்து சொல்றேன், சிங்கப்பூர்ல 14 வருசம். இங்க இருக்கறவங்க நிறைய பேர் பேநௌலேர்ந்து யூபிஐக்கு நேரா போடலாமேன்னு கேப்பாங்க, 2023 பிப்ரவரி 21ல அந்த வசதி வந்துச்சு உண்மைதான், ஆனா அது ஆளுக்கு ஆள் சொந்தப் பணம் அனுப்ப மட்டும்தான், கடைக்கு சரக்குக்கு பணம் கட்ட இல்ல. கஸ்டமர் கேட்டா பொறுமையா இத சொல்லிடுங்க, அவுங்களுக்கும் தெரியாது.

எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட ஊர்ல என்ஆர்இ அக்கவுண்ட் இருக்கும். சிங்கப்பூர் நம்பர்லயே யூபிஐ எடுத்துக்கலாம், அமெரிக்கா, கனடா, லண்டன், துபாய் நம்பருக்கும் இருக்கு. நான் போன தீபாவளிக்கு மன்னார்குடியில அம்மாவுக்கு வெள்ளி கொலுசு வாங்கினப்ப அப்படித்தான் கட்டினேன், கடைக்காரருக்கு சாதாரண ரூபாயாதான் வந்துச்சு. உங்க ஆர்டர்ல எத்தன பேரு பொருள இங்க கேக்கறாங்க, எத்தன பேரு ஊர்ல அம்மா அப்பா வீட்டுக்கு கேக்கறாங்கன்னு பிரிச்சுப் பாருங்க. என் கணக்குல பாதிப் பேரு ஊருக்குத்தான் கேப்பாங்க, வீடு குடி போறது, காது குத்து, அம்மாவுக்கு பொறந்தநாள்னு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், வெல கொஞ்சம் கூட இருந்தாலும் நாங்க கட்டிடுவோம், ஆனா யாரோ ஒரு பொம்பள பேர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட் நம்பர அனுப்பினா நான் கட்ட மாட்டேன், ஏமாத்து வேலையோன்னு தோணும். பட்டறை பேர்ல பில், பட்டறை பேர்ல அக்கவுண்ட்னு இருந்தா மனசு நம்பும்.

கணக்கு_கும்பகோணம்:

அன்னவிளக்கு, நான் கும்பகோணத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 11 வருசமா வேல பாக்கறேன். உங்க பதிவுல எல்லாரும் தாண்டிப் போன ஒரு வார்த்த இருக்கு, காம்போசிஷன். பணம் வாங்கற வழிய தேடறதுக்கு முன்னாடி அத சரி பண்ணணும்மா. காம்போசிஷன்ல இருக்கறவங்க மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு விக்கக் கூடாது, ஏற்றுமதியும் சட்டத்துல அதே கணக்குதான். சென்னைக்கு அனுப்பினது பரவாயில்ல, பெங்களூருக்கோ கிள்ளானுக்கோ அந்த நம்பர்ல பில் போட முடியாது. உங்க ஆடிட்டர்கிட்ட சொல்லி சாதாரண பதிவுக்கு மாறுங்க. மாறினா நல்லதுதான், ஏற்றுமதிக்கு வரி சுழியம், எல்யூடின்னு ஒரு உறுதிக்கடிதம் ஜிஎஸ்டி சைட்ல ஆர்எஃப்டி-11 ஃபாரத்துல வருசா வருசம் கொடுத்தா வரி கட்டாம அனுப்பலாம், பித்தளை வாங்கறப்ப நீங்க கட்டின ஜிஎஸ்டியையும் திருப்பிக் கேக்கலாம். காம்போசிஷன்ல அது உங்க கைய விட்டுப் போற காசு.

அடுத்தது ஐஇசி, ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கான நம்பர். டிஜிஎஃப்டிங்கற வெளிநாட்டு வணிகத் துறை சைட்ல நீங்களே போடலாம், 500 ரூபா, பான் நம்பரே ஐஇசி நம்பரா வரும். இதுக்கு அஞ்சாயிரம் பத்தாயிரம் கேக்கற ஏஜென்ட்டுங்ககிட்ட போகாதீங்க, நம்ம பக்கத்துல நிறைய பேரு அப்படி கொடுத்துட்டு வந்து நிக்கறாங்க, பாக்கவே வயிறு எரியுது. ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் ஜூனுக்குள்ள உள்ள போய் விவரம் சரின்னு உறுதி பண்ணணும், மாற்றமே இல்லன்னாலும் பண்ணணும், இல்லன்னா நம்பர் செயலிழந்துடும். பட்டறை பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட், அதுக்கு உத்யம்ங்கற சிறுதொழில் பதிவு இருந்தா சுலபம், அது இலவசம். அந்த பேங்க்ல ஏடி கோடு லெட்டர் கேட்டு வாங்குங்க, ஏற்றுமதிப் பணம் எந்த பேங்க்ல வருதுன்னு சுங்கத்துக்கு காட்டற நம்பர் அது. சின்ன பிராஞ்ச்ல தெரியலம்பாங்க, பாரின் எக்ஸ்சேஞ்ச் பாக்கற பெரிய பிராஞ்சுக்கு எழுதிக் கேக்கச் சொல்லுங்க.

பார்சல்ல கிஃப்ட்டுன்னு போடறது இனிமே வேணாம். வித்த பொருள கிஃப்ட்டுன்னா அது பொய் அறிவிப்பு, அதோட நாளைக்கு பணத்த காட்டறப்ப இதுக்கு சரக்கு எங்க போச்சுன்னு காட்ட உங்ககிட்ட காகிதம் இருக்காது. கூரியர்ல சிஎஸ்பி-5ங்கற ஏற்றுமதி சுங்க பில்லுல போடச் சொல்லுங்க, இல்லன்னா தபால் ஆபீஸ்ல டாக் கர் நிர்யாத் கேந்திராங்கற ஏற்றுமதி மையம் இருக்கற எடத்துல போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் போட்டு அனுப்பலாம். பில்லுல என்ன தொகையோ அதே தொகை பார்சல் காகிதத்துல, அதே தொகை பேங்க்ல. மூணும் ஒண்ணா இருக்கணும். பணம் வந்ததுக்கு பேங்க்ல எஃப்ஐஆர்ஏங்கற சான்ற கேட்டு வாங்கி பில்லோட பின் பண்ணி வைங்க, பேபால்னா மாசா மாசம் கிடைக்கும்.

அப்புறம் அனுப்பின சரக்குக்கு பணம் வந்துச்சான்னு இடிபிஎம்எஸ்னு ஒரு சிஸ்டத்துல பேங்க் பாத்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சின்ன பில்லுக்கும் பேங்குக்கு அலையணுமேன்னு பயப்படாதீங்க, 2025 அக்டோபர்ல ரிசர்வ் வங்கி 10 லட்சத்துக்குள்ள இருக்கற பில்ல உங்க உறுதிமொழிய வச்சே முடிச்சுக்கலாம்னு சொல்லிடுச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவ மொத்தமாவும் கொடுக்கலாம்.

மன்னார்குடி அண்ணன் சொன்னது முக்கியம். பணம் எங்கேர்ந்து வருதுங்கறது ஒண்ணு, பொருள் எங்க போகுதுங்கறது இன்னொண்ணு. டொரண்டோக்காரர் பணம் கட்டி விளக்கு திருவாரூர்ல அவர் அம்மா வீட்டுக்குப் போனா அது ஏற்றுமதி இல்ல, டாலர்ல வந்தாலும் ஜிஎஸ்டி போட்டுத்தான் பில். லீவுல ஊருக்கு வந்தவங்க பட்டறையில ரூபா கொடுத்து வாங்கி பொட்டியில வச்சு திருச்சி ஏர்போர்ட் வழியா கொண்டு போனாலும் உங்களுக்கு அது உள்ளூர் விற்பனைதான். என்ஆர்இலேர்ந்து கட்டி பொருள் வெளிநாட்டுக்குப் போனா அதுக்கும் விதியில இடம் இருக்கு, ஆனா என்ஆர்இலேர்ந்து வந்ததுக்கு ஆதாரம் வேணும், அதனால உங்க பேங்க்ல கேட்டுட்டு செய்ங்க.

பழைய மூணு ஆர்டரையும் மறைக்காதீங்க. பட்டறை வருமானத்துல காட்டிடுங்க, ஜிஎஸ்டி பக்கத்துல அதுக்கு என்ன செய்யணும்னு ஆடிட்டர்கிட்ட ஒக்காந்து பேசுங்க. பிராஞ்ச்லயும் போய் இது விளக்கு வித்த பணம், தெரியாம அப்படி அனுப்பிட்டாங்க, இனிமே கரண்ட் அக்கவுண்ட்ல வாங்கறோம்னு எழுதிக் கொடுங்க.

மெழுகு_சாமிமலை:

எல்லாரும் பணத்தப் பத்தி சொல்லிட்டாங்க, நான் ஒரு விசயம் மட்டும். நாங்க சாமிமலையில பஞ்சலோக சிலை வார்க்கறோம். எங்களுக்கு பணம் வந்தப்புறம்தான் தலைவலியே, சரக்கு சுங்கத்துல நின்னுடும். 1972 சட்டப்படி 100 வருசத்துக்கு மேல பழைய கலைப்பொருள தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, புதுசு எது பழசு எதுன்னு பாத்த ஒடனே சொல்ல முடியாதுல்ல, அதனால புதுசா வார்த்த சிலைக்கும் தொல்லியல் துறைகிட்ட இது பழம்பொருள் இல்லன்னு சான்றிதழ் வாங்கிட்டுத்தான் அனுப்பறோம்.

விளக்குக்கு எப்பவும் கேப்பாங்கன்னு இல்ல, ஆனா உங்க பேஜ்ல நீங்க கறுப்பேத்தின விளக்குக்கு "ஆன்டிக்"னு பேர் போட்டு வச்சிருப்பீங்க, எல்லாரும் போடறதுதான். அந்த வார்த்த பில்லுலயோ பார்சல் காகிதத்துலயோ வரவே கூடாது. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு அந்த ஒரு வார்த்தையாலேயே ரெண்டு மாசம் சரக்கு நின்னுச்சு, கஸ்டமர் அதுக்குள்ள பணத்த திருப்பிக் கேட்டுட்டார். "புதிய பித்தளை விளக்கு, நாச்சியார்கோவில் தயாரிப்பு"ன்னு எழுதுங்க. ஜோடியில பாவை விளக்கு, சாமி உருவம் வச்சது இருந்தா சான்றிதழ் வாங்கிடறது நல்லது. அதுக்கு ஆகற நாளையும் சேர்த்துத்தான் கஸ்டமர்கிட்ட தேதி சொல்லணும்.

தேர்_நிலை:

படிச்சேன். என் மாமா பையன்கிட்ட நேத்து ராத்திரி பேசினேன், இனிமே அவன் பேர்ல வாங்கப் போறதில்ல. ஐஇசி எனக்கும் போடணும், அந்த 500 ரூபா ஆன்லைன்லயே கட்டலாமா?

கணக்கு_கும்பகோணம்:

ஆன்லைன்லயேதான். பான், பேங்க் விவரம், அட்ரஸ் ஆதாரம், ஆதார் ஓடிபி வர்ற போன். அவ்வளவுதான் தேவ.

அன்னவிளக்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தர் எழுதினதையும் வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன். காம்போசிஷன் விசயம் மாமனாருக்கே தெரியல, ஆடிட்டர நாளைக்கு பாக்கப் போறார். டொரண்டோக்காரங்ககிட்ட பேசினேன், கரண்ட் அக்கவுண்ட், ஐஇசி, எல்யூடி எல்லாம் கைல வர்ற வரைக்கும் ஒரு ரூபாயும் வேணாம், வந்தப்புறம் பாதி முன்பணம் ஸ்விஃப்ட்ல, மீதி பார்சல் கெளம்பறதுக்கு முன்னாடின்னு சொன்னேன். காத்திருக்கறேன்னுட்டாங்க, உண்டியல் பேச்ச எடுத்தவரே மன்னிப்பு கேட்டார். ஆன்டிக்னு போட்ட எல்லா படத்துலயும் பேர் மாத்திட்டேன், 40 படம் இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை மாமியார கூட்டிட்டு பிராஞ்சுக்குப் போறேன். அன்னைக்கு அவுங்கள கேட்ட கேள்விக்கு இந்தத் தடவ நான் பக்கத்துல உக்காந்து பதில் சொல்றேன். என்ன கொண்டு போகணும்?

திருபுவனம்_தறி:

கிள்ளான் அக்கா அனுப்பின ஆர்டர் மெசேஜ் பிரிண்ட் எடுத்துக்குங்க, மூணு கூரியர் ரசீது, பட்டறை ஜிஎஸ்டி சான்றிதழ், எழுதின கடிதம் ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் போட்டு திருப்பி வாங்கிடுங்க. காலையில பத்தரைக்குள்ள போயிடுங்க, அப்புறம் கூட்டம் ஏறிடும், பெரியவங்கள நிக்க வைக்க வேண்டாம்.